நீஸ் கடற்கரையில் அந்தப் பழைய ஓட்டல்: ஓர் இரவுக்கு அவ்வளவு காசு தகுமா?

கேள்வி, நவம்பர் 21

கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆகிறது. மனைவியைத் தெற்குப் பிரான்சில் இருக்கிற நீஸுக்குக் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன். கடற்கரைச் சாலையில் இளஞ்சிவப்புக் குவிமாடத்தோடு நிற்கிறதே, நெக்ரெஸ்கோ, அதில் ஓர் இரவாவது தங்கவேண்டும் என்கிறாள். என் கட்சி வேறு. உள்ளே போய் ஒரு காப்பி குடித்துவிட்டுப் பின்தெருவில் சாதாரண ஓட்டலில் படுத்தால் போதும். பழைய ஓட்டல் என்றால் பெயருக்குத்தான் பாதிக் காசு. தங்கியவர்கள் யாராவது உண்டா?

நவம்பர் 22, இரவு 10.40

நான் தங்கினேன். போன சனி, ஞாயிறு, இரண்டு இரவு. பெட்டியில் அழுக்குத் துணி இன்னும் அப்படியே கிடக்கிறது. நீங்கள் சொல்வதுதான் சரி. காப்பி குடித்துவிட்டு வாருங்கள்.

பார்க்கவேண்டியதெல்லாம் கீழ்த்தளத்திலேயே இருக்கிறது. நடுவில் 'சலோன் ருவாயால்' என்கிற வட்டக் கூடம். மேலே கண்ணாடிக் குவிமாடம், ஈபிள் கட்டியது. அதிலிருந்து பக்காரா நிறுவனத்தின் சரவிளக்கு தொங்குகிறது, 16,309 படிகத் துண்டு. ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கோலாஸ் சொல்லிவைத்துச் செய்தது. புரட்சி வந்து அவரே போனபிறகு எடுத்துக்கொள்ள ஆளில்லாமல் இங்கே வந்து சேர்ந்தது. 1927இல் நடனக்காரி இசடோரா டங்கன் கழுத்துத் துணி கார்ச் சக்கரத்தில் சிக்கிச் செத்துப்போனது இந்த வாசலில்தான். இதையெல்லாம் பார்க்க அறை எதற்கு? அறை என்றால் கட்டில், மெத்தை, தொட்டி. விளக்கை அணைத்தால் எல்லா அறையும் ஒன்றுதான்.

அம்மா புதுச்சேரியிலிருந்து மூன்று மாதம் இருக்க வந்திருக்கிறார். எழுபது முடிந்தது. அதற்காகப் போனோம். இல்லாவிட்டால் நானும் பின்தெருக் கட்சிதான்.

நவம்பர் 23, காலை 7.15

ஆபீஸ் போகிற வழியில் எழுதுகிறேன். ராத்திரி எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். விட்டேன் என்ன, மறைத்தேன்.

எங்கள் அறை கடலைப் பார்த்த அறை இல்லை. முன்பதிவு செய்த இணையதளத்தில் மேலே பெரிதாகக் கடல் படம், கீழே பொடி எழுத்தில் 'நகரப் பக்கம்'. விலை கணிசமாகக் குறைவாக இருந்தது. நான் பொடி எழுத்தைப் படித்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினேன், ஏமாந்தேன் என்று சொல்லமுடியாது. அம்மா திரையை விலக்கிவிட்டு, "எங்கடா கடலு?" என்றார். எதிரே ஒரு கூரை, அதன்மேல் மூன்று புறா. "அந்தப் பக்கம்மா" என்றேன். "அந்தப் பக்கம்னா எந்தப் பக்கம், இவ்ளோ தூரம் வந்து?"

ஆகவே நான் சொல்கிற தீர்ப்பு பின்பக்கத்து அறையில் படுத்தவனின் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் வந்துவிட்டது.

நவம்பர் 23, மதியம் 1.05

சாப்பாட்டு நேரம். தொடர்கிறேன், ஏனென்றால் அந்தப் பின்பக்க அறை விஷயம் காலையிலிருந்து உறுத்துகிறது.

நீஸ் கோடைக்காக வளர்ந்த ஊர் இல்லை. யுனெஸ்கோ 2021இல் பட்டியலில் சேர்த்தபோது கொடுத்த பெயரிலேயே குளிர்கால வாசத்தலம் என்றுதான் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கடைசியிலிருந்தே இங்கிலாந்துப் பணக்காரர்கள் பனிமூட்டத்துக்குப் பயந்து இங்கே வந்தார்கள். 1820களில் ஒரு கடுங்குளிர் ஆண்டில் ஊரில் பிச்சைக்காரர்கள் பெருகினபோது, லூயிஸ் வே என்கிற ஆங்கிலப் பாதிரியார் பணம் திரட்டி, அவர்களுக்குக் கூலி கொடுத்துக் கடலோரமாக ஒரு நடைபாதை போட்டார். அதுதான் இன்றைக்கு நாம் படம் எடுத்துக்கொள்கிற 'புரோமனாத் தெஸ் ஆங்கிலே', ஆங்கிலேயர் நடைபாதை. அப்போது நீஸ் பிரான்சிலேயே இல்லை, சார்டினிய அரசுக்குச் சொந்தம். 1860இல்தான் இந்தப் பக்கம் வந்தது. விக்டோரியா ராணி வந்தது மேலே சிமியே குன்றுக்கு, 1895 தொடங்கி ஐந்து வருடம். எழுத்தாளர் செக்கோவ் நுரையீரல் நோயோடு 1897இல் வந்து ஒரு ரஷ்ய விடுதியில் தங்கினார்.

இவர்கள் யாரும் குளிக்க வரவில்லை. வெயில் காய வந்தார்கள். கோடை வந்தால் பெரிய ஓட்டல்கள் பூட்டிக்கொள்ளும். வெயிலில் கறுத்த தோல் கூலிக்காரனுடைய அடையாளம் என்று நினைத்த காலம். 1920களில்தான் அந்த எண்ணம் தலைகீழாகி, கோடையிலும் கதவு திறந்தார்கள்.

நெக்ரெஸ்கோ 1913இல் திறந்தது, அதாவது பழைய கணக்கின் கடைசி வருடங்களில். முகப்பு தெற்கே, கடலைப் பார்த்து. டிசம்பரிலும் ஜனவரியிலும் தாழ்ந்த சூரியன் நேராக உள்ளே வந்து கட்டிலில் விழவேண்டும் என்பதுதான் மொத்த வியாபாரமும். நான் அந்தக் கட்டிடத்துக்கு நவம்பரில் போய், அதில் வெயில் வராத பக்கமாகப் பார்த்து அறை எடுத்திருக்கிறேன். மலிவு என்று.

ஞாயிறு காலை எதிர்ச்சாரியில் அந்த நீல நாற்காலிகளில் போய் உட்கார்ந்தோம். அம்மா பத்தே நிமிடத்தில் சால்வையை எடுத்துவிட்டு, "நம்ம ஊரு மார்கழி வெயிலு மாதிரி இருக்கு" என்றார். நாற்காலிக்குக் காசு கிடையாது. நூறு வருடத்துக்கு முன்னால் பெட்டி பெட்டியாக ஆள் ரயிலேறி வந்து வாங்கின சரக்கு அதுதான்.

நவம்பர் 23, இரவு 9.30

நல்ல கேள்வி கேட்டார் ஒரு நண்பர்: "ஓட்டல் திறந்தது 1913, ரஷ்யப் புரட்சி 1917. புரட்சியால் அனாதையான விளக்கு திறப்புவிழாவில் எப்படித் தொங்கியது?"

இல்லை, திறப்புவிழாவில் தொங்கியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் சொன்ன மாதிரிதான் மனதில் வைத்திருந்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஒன்று, விளக்கு பின்னால் வந்திருக்கவேண்டும். அல்லது கதை பின்னால் வந்திருக்கவேண்டும். ஜோடி விளக்கு ஒன்று கிரெம்ளினில் இருக்கிறது என்பதும் அதே கதையின் வால். எண்ணி வைத்த 16,309 மட்டும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வருகிறது. படிகத்தை எண்ணினவனுக்குத் தேதியைக் கேட்கத் தோன்றவில்லை.

அழகான பொருளுக்கு ஒரு ராஜா தேவைப்படுகிறார் போல. இருக்கட்டும்.

நவம்பர் 24, மாலை 6.50

ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் எல்லாம் வருகிறது. என் முதல் குறிப்பில் நான் ஒப்பித்த மற்ற இரண்டும் இதோ.

ஈபிள். அவர் பாலம், கோபுரம் கட்டுகிற தொழிலை விட்டது 1893இல், பனாமா கால்வாய் ஊழலில் பெயர் அடிபட்ட பிறகு. 1912இல், இந்த ஓட்டல் எழும்பிக்கொண்டிருந்தபோது, அவர் எண்பதை நெருங்கும் கிழவர். பாரிஸ் ஓத்தேயில் காற்றுச் சுரங்கம் அமைத்து விமான இறக்கைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஓட்டல் கூரைக்கு ஏணி வைத்து ஏறியிருப்பார் என்று தோன்றவில்லை. அவர் தொடங்கிய பட்டறையில் இரும்பு வேலை நடந்தது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். 'ஈபிள் கட்டியது' என்று நான் அடித்துச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். கட்டிடத்தின் கலைஞர் எதுவார் நீர்மான்ஸ், ஹாலந்துக்காரர். பாரிஸின் கேளிக்கைக் கூடம் மூலான் ரூஜுக்கு அலங்காரம் செய்தவர், பியாரிட்ஸ் அரண்மனை ஓட்டலைத் திரும்பக் கட்டியவர். கேளிக்கைக் கூடங்களில் கை பழகினவர் என்பது முகப்பைப் பார்த்தாலே தெரியும், மூலையில் வைத்த அந்தக் குவிமாடத்தைச் சொல்கிறேன்.

இசடோரா. 1927 செப்டம்பர் 14, புரோமனாத் சாலையில், அது நிச்சயம். 'ஓட்டல் வாசலில்' என்பது நான் சேர்த்த மசாலா. கார் புகாட்டி என்று பலர் எழுதுவார்கள், அதுவும் தப்பு, அமில்கார். சாலை ஏழு கிலோமீட்டர் நீளம், வாசல் ஒன்றுதான். வாசலுக்கு இழுத்துவந்துவிட்டால் கதை நன்றாக நிற்கிறது.

நவம்பர் 24, இரவு 11.20

குவிமாடக் கதையை ஏன் விட்டுவிட்டாய் என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். பெரியவர்கள் படிக்கிறார்களே என்று விட்டேன். நீர்மான்ஸ் தன் காதலியின் மார்பை அளவெடுத்து அந்த வடிவத்தை வைத்தார் என்பது ஊர்ப் பேச்சு. நிறமும் அதற்கேற்ற இளஞ்சிவப்பு. அம்மா கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "ஏன்டா இப்படி ஒரு உருண்டை?" என்றார். "அது ஒரு பாணிம்மா" என்றேன். என் மனைவி கடலைப் பார்த்தபடி நின்றாள், தோள் மட்டும் குலுங்கியது.

நவம்பர் 25, காலை

சனிக்கிழமை, வேலை இல்லை. இப்போது ஆன்ரி நெக்ரெஸ்கோவைப் பற்றி. ஓட்டலில் அவர் பெயர் துண்டு, கோப்பை, சோப்பு எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆள் பற்றி அம்மாதான் கேட்டார், "யாருடா இந்த நெக்ரெஸ்கோ, ராஜாவா?"

ராஜா இல்லை. ருமேனியாவில், புக்கரெஸ்டில் சத்திரக்காரர் மகன், 1868இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே வீட்டைவிட்டுக் கிளம்பி, பாரிஸ் வழியாக இந்தக் கடற்கரைக்கு வந்து, படிப்படியாக ஏறி, நீஸ் நகராட்சிக் கசினோவை நடத்தும் அளவுக்கு வந்தார். அங்கே சாப்பிட வருகிற கோடீஸ்வரர்களைப் பார்த்துப் பார்த்து, இவர்கள் தூங்க ஓர் இடம் நான் கட்டுகிறேன் என்று முடிவெடுத்தார். பணம் போட்டவர் அலெக்சாந்தர் தராக், கார் தயாரித்தவர். 1913 ஜனவரியில் திறப்பு.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் யுத்தம். ஓட்டல் ராணுவ மருத்துவமனை ஆனது. சரவிளக்குக் கூடம் இருக்கும் கட்டிடத்தில் காயம்பட்ட சிப்பாய்கள். யுத்தம் முடிந்தபோது இவர் கையில் கடன் மட்டும் இருந்தது. ஓட்டல் ஒரு பெல்ஜியக் கம்பெனிக்குப் போனது. 1920இல் பாரிஸில் செத்துப்போனார், வயது 52.

இதை எழுதும்போதுதான் விளக்கு விஷயம் வேறு மாதிரி தெரிகிறது. அவருடைய வாடிக்கையாளர்களில் பெரிய கையே ரஷ்யப் பிரபுக்கள்தான். நீஸில் அவர்களுக்குத் தனியாக ஒரு பெரிய தேவாலயமே இருக்கிறது, 1912இல் திறந்தது. 1917க்குப் பிறகு அவர்கள் ஓட்டலில் அறை எடுக்க வரவில்லை, பலர் வாடகைக் கார் ஓட்டவும் துணி தைக்கவும் வந்தார்கள். சக்கரவர்த்தியின் விளக்கைக் கொண்டுவந்து கொடுத்ததாகச் சொல்கிற அதே புரட்சி, அறையை நிரப்பவேண்டிய ஆட்களைக் கொண்டுபோய்விட்டது. கதை விளக்கை மட்டும் வைத்துக்கொண்டது.

அம்மாவிடம் சுருக்கமாகச் சொன்னேன். "கட்டினவன் எவன் இருந்து அனுபவிச்சான்" என்றார், எங்கள் தெருவில் மூன்று மாடி கட்டினவரைப் பற்றிச் சொல்கிற அதே குரலில்.

நவம்பர் 25, மாலை

உருப்படியான தகவல் ஒன்றுமே இல்லை என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். சரி, இந்தாருங்கள்.

பாரிஸில் உள்ள லியோன் ரயில் நிலையத்திலிருந்து டி.ஜி.வி. அதிவேக ரயில், ஐந்தே முக்கால் மணி நேரம். போகும்போது வலதுபக்க சன்னல். சேன் ரஃபாயேல் தாண்டினதும் எஸ்தெரெல் மலையின் செம்பாறையும் கடலும் மாறி மாறி வரும். அந்த நேரத்தில் தூங்காதீர்கள். நிலையத்திலிருந்து ஓட்டலுக்கு இருபது நிமிட நடை. முட்டி வலிக்காரர் கூட இருந்தால் டாக்ஸி, ஏறும் முன்பே தொகையைக் கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. அதை விவரிக்க விருப்பமில்லை.

கூர் சாலேயா சந்தைக்குத் திங்கட்கிழமை போகாதீர்கள். மற்ற நாளெல்லாம் காய், பழம், பூ. திங்களன்று பழைய சாமான். நாங்கள் பூ பார்க்கத் திங்கள் போனோம், பித்தளைக் கதவுப்பிடி பார்த்துவிட்டு வந்தோம்.

சொக்கா சாப்பிடுங்கள். கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு. பெரிய தாம்பாளத்தில் ஊற்றி விறகடுப்பில் வைத்து, ஓரம் கருகினதும் பிய்த்துத் தருவார்கள், மேலே மிளகுத்தூள். அம்மா இரண்டு வாய் தின்றுவிட்டு, "இதுல பச்ச மொளகாயும் பெருங்காயமும் போட்டா அடை" என்றார். பிறகு என் பங்கையும் எடுத்துக்கொண்டார்.

கடற்கரையில் மணல் கிடையாது, உருண்டைக் கூழாங்கல். வெறுங்காலோடு நடக்க முடியாது. அலை திரும்பும்போது கற்கள் உருள்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

மத்தியானம் பன்னிரண்டுக்குக் கோட்டைக் குன்றிலிருந்து ஒரு வெடி போடுவார்கள். பயப்படாதீர்கள். 1860களில் சர் தாமஸ் கவென்ட்ரி என்கிற ஸ்காட்லாந்துக்காரர் அங்கே குளிர்காலம் கழிக்க வந்தார். மனைவி அரட்டையடித்துவிட்டுச் சாப்பாட்டுக்கு நேரத்தில் வருவதில்லை என்று சொந்தச் செலவில் பீரங்கி வெடிக்க ஏற்பாடு செய்தாராம். பிறகு நகராட்சியே அதை எடுத்துக்கொண்டது. என் மனைவி இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "சமைத்தது யார்?" என்று கேட்டாள்.

நவம்பர் 26

வாசல்காரர்களைச் சொல்ல மறந்துவிட்டேன். நீல அங்கி, உள்ளே சிவப்பு, தொப்பியில் இறகு, பதினெட்டாம் நூற்றாண்டு வேஷம். அம்மா என் காதில், "கூத்துக்கு வேஷம் கட்டின மாதிரி இருக்கான்" என்றார். அந்த ஆள் குனிந்து கை நீட்டினதும் அம்மாவும் கையைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நடந்தார், பட்டுப்புடவை, மேலே என் பழைய குளிர் கோட்டு.

வெளியே பல வண்ணச் சட்டையோடு எக்காளம் ஊதுகிற பெரிய பொம்மை நிற்கிறது. சிற்பி நிக்கி தெ சேன் ஃபால் செய்த ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ். கூடத்துக்குள்ளும் அவருடைய குண்டுப் பெண் பொம்மை ஒன்று மஞ்சளாக நிற்கிறது. பதினான்காம் லூயியின் பெரிய ஓவியத்துக்குப் பக்கத்துக் கூடத்தில் இது. முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது யோசித்தால், அந்த மஞ்சள் பொம்மை இல்லாவிட்டால் மூச்சுமுட்டியிருக்கும்.

நவம்பர் 26, இரவு

ஒன்று சேர்க்கவேண்டும், இதில் கிண்டல் இல்லை.

2016 ஜூலை 14 இரவு, வாண வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்குள் ஒருவன் லாரியை ஓட்டினான். இந்தச் சாலைதான். 86 பேர் இறந்தார்கள். லாரி இந்த ஓட்டலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றது. காயம்பட்டவர்களை உள்ளே கொண்டுவந்து கிடத்தினார்கள். 1914க்குப் பிறகு இரண்டாவது முறையாக அந்தத் தரையில். கடலோரத்தில் இப்போது நினைவுச் சின்னமாக ஒரு தேவதைச் சிலை வைத்திருக்கிறார்கள்.

அம்மாவுக்குச் சொல்லவேண்டாம் என்றிருந்தேன். நடைபாதை ஓரம் நெடுக எதற்கு இவ்வளவு தடுப்புத் தூண் என்று அவரே கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் நடக்கவில்லை. அப்புறம் தன் நாற்காலியைக் கடலைப் பார்த்து இன்னும் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

நவம்பர் 28, காலை 6.00

முதல் பதிலை மாற்றுகிறேன். முழுதாக இல்லை, பாதி.

ஞாயிறு விடிகாலை ஐந்தரைக்கு எனக்குத் தூக்கம் போய்விட்டது. அறையில் மூன்று பேர், நான் நகர்ந்தால் எல்லாரும் எழுந்துவிடுவார்கள் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கீழே வந்தேன். சனி மாலை அந்தக் கூடத்தில் ஏதோ விருந்து, நூறு பேர் முதுகுக்கு நடுவே சரவிளக்கின் மேல்பாதியைத்தான் பார்த்திருந்தேன். இப்போது ஒருவரும் இல்லை. ஒரு தொழிலாளி, என் வயது இருக்கும், தரை துடைக்கும் எந்திரத்தை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார், தலையை அசைத்தார், அவ்வளவுதான். விளக்கு பாதிதான் எரிந்தது. மேலே குவிமாடக் கண்ணாடி கன்னங்கரேலென்று இருந்தது. உட்கார்ந்தேன். ஆறரை, ஆறேமுக்கால் வாக்கில் கண்ணாடி சாம்பல் நிறமானது, பிறகு அதிலுள்ள வேலைப்பாடு ஒவ்வொன்றாகத் தெரிந்தது, பிறகு தொங்குகிற படிகத்தில் மேல் வரிசை மட்டும் வெளுத்தது. யாராவது வந்து எழுப்பிவிடுவார்களோ என்று ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது. பாவாடை விளிம்பு மாதிரி வெளிச்சம் ஒவ்வொரு வரிசையாகக் கீழே இறங்கியது. யாரும் எழுப்பவில்லை.

சாவி பாக்கெட்டில் இருந்ததால்தான் யாரும் கேட்கவில்லை. காப்பி குடிக்க வருகிறவருக்கு இந்த ஒன்றரை மணி நேரம் கிடைக்காது. அறையின் விலையில் எவ்வளவு இதற்கு என்று என்னால் கணக்குப் போடமுடியாது. முதல் குறிப்பில் 'அறை என்றால் கட்டில்' என்று எழுதினேனே, அப்போதும் இது நினைவில் இருந்தது. சொல்லக் கூச்சமாக இருந்தது.

நவம்பர் 28, இரவு

"ஈபிள் கட்டாத குவிமாடத்தைப் பார்த்தா இத்தனை உருக்கம்?" என்று கேட்டவருக்கு: ஆமாம்.

டிசம்பர் 3

அம்மா நேற்று விமானம் ஏறிவிட்டார். வீடு வெறிச்சென்று இருக்கிறது, அதனால் இன்னொரு நீளமான குறிப்பு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெக்ரெஸ்கோவை இன்றைய நெக்ரெஸ்கோ ஆக்கினது ஆன்ரி இல்லை, ழான் ஒஜியே என்கிற அம்மையார். 1957இல் அவர் தந்தை மெனாஜ், பிரான்சின் பிரித்தானிப் பகுதிக்காரர், நொடித்துக் கிடந்த ஓட்டலை வாங்கினார். மகளும் வக்கீல் மருமகனும் நடத்தினார்கள். மருமகன் 1995இல் இறந்துபோனார். அம்மையார் ஓட்டலிலேயே மேல்தளத்தில் குடியிருந்தார். ஓவியம், நாற்காலி, தரைவிரிப்பு என்று வாங்கிக் குவித்தார். தளத்துக்கு ஒரு காலம், அறைக்கு ஓர் அலங்காரம் என்று மாற்றினார். ஓட்டலை விலை பேச வந்த உலகக் கோடீஸ்வரர்களைத் திருப்பி அனுப்பின கதைகள் நிறைய உலவுகின்றன. சரவிளக்கில் பட்ட அடிக்குப் பிறகு அவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை. குழந்தை இல்லை. 2009இல் ஓர் அறக்கட்டளை நிதி ஏற்படுத்தி, பிராணிகளுக்கும் உடல் ஊனமுற்றவர்களுக்கும் என்று எழுதிவைத்தார். 2019 ஜனவரியில் இறந்தபோது வயது 95.

ஒரு கதை மட்டும், உண்மை என்று நம்ப விரும்புவதால். தந்தை ஏன் இந்த ஓட்டலை வாங்கினார்? அவர் மனைவி சக்கர நாற்காலியில் இருந்தார். அந்த நாற்காலி நுழைகிற அகலத்தில் லிஃப்ட் இருந்த ஓட்டல் இதுதானாம்.

இதை நான் ரயிலில் திரும்பும்போது படித்தேன். எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. இந்த மூன்று மாதத்தில் அம்மா கீழே இறங்கியதை விரல்விட்டு எண்ணலாம். இறங்கினால் ஏறவேண்டுமே. சன்னலோரம் உட்கார்ந்து எதிர் பேக்கரிக்கு வருகிறவர்களை எண்ணிக்கொண்டிருப்பார். ஓட்டலில் அந்த இரண்டு நாளும் அவர் செய்த வேலை என்ன தெரியுமா? கண்ணாடியை மறந்தேன் என்று மேலே, சால்வை என்று மேலே, ஒன்றுமில்லாமலும் மேலே. ஞாயிறு மத்தியானம் மட்டும் ஐந்து தடவை லிஃப்டில் ஏறி இறங்கினார். நான் எரிந்துவிழுந்தேன், "ஒரு இடத்தில உட்காரும்மா" என்று.

ஜனவரி 14

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, பிப்ரவரியா மார்ச்சா என்கிறார். பிப்ரவரியில் திருவிழா, கார்னவால். ஊர்வலம் பிடிக்கும் என்றால் போங்கள், அறை விலை ஏறியிருக்கும். மே மாதம் வேண்டவே வேண்டாம், பக்கத்தில் கான் படவிழா. மார்ச் நல்லது. கடல் பக்கம் எடுங்கள், ஓர் இரவு போதும். இரண்டு இரவு பின்பக்கம் எடுக்கிற காசுக்கு ஓர் இரவு முன்பக்கம் கிடைத்தால் அதுவே லாபம். விடிகாலையில் கீழே போங்கள், மனைவியையும் எழுப்பிக்கொண்டு.

காப்பி குடித்துவிட்டு வாருங்கள் என்று நான் சொன்னதை உங்கள் வீட்டில் காட்டவேண்டாம்.

ஏப்ரல் 2

போய்வந்துவிட்டாராம். மூன்றாவது மாடி, கடல் பக்கம். வெயில் கட்டில்வரை வந்ததாம், மனைவி எட்டு மணிவரை திரையை மூட விடவில்லையாம். நேற்றுக் கிளம்பும் நாளில் பதினொரு மணிக்கே குன்றிலிருந்து வெடி போட்டுவிட்டார்கள், ரயிலைத் தவறவிட்டோம் என்று அலறியடித்துப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். இதையும் முன்பே எழுதியிருக்கவேண்டும், மன்னிக்கவும். ஏப்ரல் முதல் தேதி மட்டும் ஒரு மணி நேரம் முன்னால் போடுவது அந்த ஊர் வேடிக்கை.

இன்னொன்று. கடற்கரையில் கூழாங்கல் எடுக்காதீர்கள், பிரெஞ்சுச் சட்டப்படி குற்றம், அபராதம் உண்டு. இது எனக்குத் தெரியவந்தது போன வாரம். அம்மா ஒன்று எடுத்துப் போயிருக்கிறார், உள்ளங்கை அகலம், வெள்ளைக் கோடு போட்ட சாம்பல் கல். வீடியோவில் காட்டினார். நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியின் மூடி சரியாக உட்காருவதில்லையாம், அதன்மேல் வைத்திருக்கிறார். சட்டத்தைச் சொன்னேன். "வந்து புடிச்சிட்டுப் போகச் சொல்லு" என்றார்.